மோட்டார் வண்டியின் வில்லும் வாங்குவோன் பணப்பையும்

தோற்றுவாய்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம்மவருள் வழங்கும் பழமொழி. பொருள் வாங்கப் புகும் யாவர்க்கும் இஃது ஏற்ற அறிவுரையே எனினும், மோட்டார் வண்டியின் உறுப்புக்களை மாற்றக் கருதும் இளைஞர்க்கு இதனினும் ஏற்றது பிறிதொன்றில்லை. வண்டி நிலத்தோடு படிந்து நிற்றல் வேண்டும். வளைவுகளிற் சாயாது செல்லுதல் வேண்டும். ஆயின் கையிலுள்ள பணமோ சிறிது. இந்நிலையில் உள்ளார் கண்முன் விளம்பரங்கள் கொணர்ந்து நிறுத்துவது 'காயில்-ஓவர்' என்னும் தாங்கித் தொகுதியாம். ஒரே வண்டிக்கு ஒரு விலையிலும் அதன் ஐந்து மடங்கு விலையிலும் இத்தொகுதிகள் கிடைத்தலின், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என மயங்குவோர் பலர்.

இத்தொகுதி வண்டிக்கு அணியும் வெறும் அணிகலன் அன்று. நான்கு சக்கரங்களும் நிலத்தை விடாது பற்றி நிற்றற்கு இதுவே துணை. அப்பற்று ஒரு கணம் நழுவினும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அக்கணத்திற் பயன்படா. ஆதலின் இதனைத் தெரிதலிற் பிழைப்பவன் தன் பணத்தை மாத்திரம் இழப்பான் அல்லன். தன் உயிரையும் வழிச்செல்வோர் உயிரையும் இடருக்குள்ளாக்குவான். இதுபற்றியே பௌதிக நூலின் எளிய கணக்குகள் சிலவற்றைத் துணையாகக் கொண்டு இப்பொருளை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்கின்றோம்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை மனத்திற்கொள்ளுதல் நலம். ஜப்பானிய மாஸ்டா நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் செல்லும் சிறு வண்டியை அமெரிக்கர் 'மியாட்டா' என்பர். 1997 வரை வந்த அதன் முதல் தலைமுறை வண்டி ஆயிரம் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையுடையது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையும் அமைப்புடையது. அமெரிக்க மாணவரும் சிற்றூதியக்காரரும் பழைய மியாட்டா ஒன்றை வாங்கித் தம் கையாலேயே திருத்துதல் பெருவழக்கு. அவருள் ஒருவர் ஆயிரம் டாலரை இதற்கென ஒதுக்கியிருப்பதாகக் கொள்வோம்.

வில்லும் அதிர்வடக்கியும்

வண்டியின் உடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருவகை உறுப்புக்கள் உள. ஒன்று சுருள்வில், மற்றொன்று மெக்கானிக்குகள் 'ஷாக் அப்சார்பர்' என வழங்கும் அதிர்வடக்கி. இவ்விரண்டின் தொழிலையும் ஒன்றெனக் கருதுதலே பெரும்பாலான பிழைகட்கு வேர்.

வில் வண்டியின் சுமையைத் தாங்குவது. சுமை எவ்வளவு மிகுமோ அவ்வளவுக்கு வில்லும் அமுங்கும் என்பது ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் விளக்கிய விதி. ஆயின் அமுங்கிய வில் தான் பெற்ற ஆற்றலைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளாது. மீண்டும் விரிந்து, நிலை கடந்து, பின்னும் அமுங்கி, ஊசல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். இவ்வாட்டத்தைத் தணிப்பது அதிர்வடக்கி. அதனுள் எண்ணெய் நிறைந்த குழலில் ஒரு பிஸ்டன் மேலுங் கீழும் செல்லும். பிஸ்டனிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருங்கிப் புகுங்கால் தடை உண்டாகும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழியும். நெடுந்தூரம் கரடுமுரடான பாதையில் ஓடிய வண்டியின் அடக்கியைத் தொட்டால் அது சுடுதல் இதனாலேயே.

அடக்கிகள் இருவகைய. குழலுக்குள் குழலாக அமைந்தது இரட்டைக் குழல் வகை. செய்தற்கு எளிது, விலை குறைவு. கடுமையாக உழைக்குங்கால் எண்ணெயிற் காற்றுக் கலந்து நுரைத்து, தடை குறைதல் இதன் குறை. மற்றொன்று ஒற்றைக் குழல் வகை. பிரெஞ்சுப் பொறியறிஞர் தெ கார்போன் வகுத்த இம்முறையில், எண்ணெயையும் மிகுந்த அழுத்தமுடைய நைட்ரஜன் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து நிற்கும். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனத்தார் இதனை 1957-இல் மெர்ஸிடிஸ்-பென்ஸ் வண்டிகட்கு அளித்தனர். இதில் வெப்பம் விரைவிற் கழியும். ஆயின் செய்தற்கு நுட்பம் மிகுதியும் வேண்டும், குழலிற் கல் பட்டு நசுங்கினாற் பிஸ்டன் தடைப்படும். ஒற்றைக் குழல் என்று பெயர் பெற்ற அளவானே ஒன்று சிறந்ததாகிவிடாது. செவ்விதிற் செய்த இரட்டைக் குழல், செவ்விதிற் செய்யாத ஒற்றைக் குழலினும் மேலானது.

காயில்-ஓவர் யாது

அதிர்வடக்கியைச் சூழச் சுருள்வில் அமைந்து, இரண்டும் ஒரே தொகுதியாய் நிற்பதே காயில்-ஓவர். அவ்வாறு நோக்கின், மேற்கூறிய மாஸ்டா வண்டி தொழிற்சாலையினின்று வருங்காலே அத்தகைய அமைப்புடையதுதான். கடைகளில் அப்பெயரால் விற்கப்படுவதோ, அடக்கியின் வெளிப்புறத்தில் திருகுமரை வெட்டப்பெற்று, அதன்மீது வில்லைத் தாங்கும் வளையம் ஏறி இறங்குமாறு செய்யப்பட்டது. வளையத்தைத் திருகி வண்டியின் உயரத்தை மாற்றலாம் என்பதே இதன் சிறப்பு.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். வளையத்தை மேலே ஏற்றினால் வில் இறுகி விறைப்பு மிகும் என்பர் பலர். அடக்கி முழுதும் நீண்டு முட்டி நில்லாத வரை அஃது உண்மையன்று. வண்டியின் எடை மாறாதிருத்தலின், வில் அமுங்கும் அளவும் மாறாது, வண்டிதான் உயரும். வில்லின் விறைப்பு அதன் கம்பியின் பருமனையும், சுருளின் அகலத்தையும், சுற்றுக்களின் எண்ணிக்கையையும் பொறுத்ததேயன்றி வளையத்தைப் பொறுத்ததன்று.

வளையத்தால் மட்டும் உயரத்தை மாற்றும் வகையில், வண்டி தாழுந்தோறும் அடக்கியின் உட்தண்டு கீழே இறங்கிவிடுதலின், மேலும் அமுங்குதற்கு எஞ்சிய இடம் குறையும். வேறொரு வகையில் அடக்கியின் அடிப்பகுதியே திருகில் ஏறி இறங்கும். அதனால் உட்தண்டின் இடம் குறையாமலே வண்டியைத் தாழ்த்தலாம். ஆயினும் சக்கரம் உடலில் முட்டுதற்குரிய இடம் எவ்வாற்றானும் குறையுமாதலின், இரண்டாம் வகையும் வரம்பின்றித் தாழ்த்த இடந்தருவதன்று.

தாழ்த்துதலின் விலை

இனி, இப்பொருளின் உயிர்நாடியான கணக்கிற்கு வருவோம். ஒரு சக்கரத்தின்மேல் வண்டியின் உடலெடை 220 கிலோகிராம் எனவும், சக்கரத்தில் அளக்கப்பட்ட விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் எனவும் கொள்க. எடையால் விளையும் விசை ஏறத்தாழ 2,156 நியூட்டன்; ஆகவே வில் 108 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். அவ்வுடல் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 முறை ஆடும். சாதாரண வண்டிகள் விநாடிக்கு 1 முதல் 1.5 முறை வரை ஆடுமாறு அமைக்கப்படுதலின், இது விரைவோட்டத்தை விரும்புவார்க்கும் இடர் தராத அளவேயாம்.

இந்நிலையினின்று முட்டு ரப்பரைத் தொடும் வரை சக்கரம் மேலெழ 75 மில்லிமீட்டர் இடம் உண்டென வைத்துக்கொள்வோம். அவ்விடத்தைக் கடக்க 1,500 நியூட்டன் விசை வேண்டும். அஃதாவது நின்ற எடையின் பத்தில் ஏழு பங்கு மிகைவிசை தாக்கினும் வில்லே அதனை ஏற்றுக்கொள்ளும். இப்போது வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்துக. எஞ்சியது 35 மில்லிமீட்டர். அதனைக் கடக்க 700 நியூட்டன் போதும். எடையின் மூன்றிலொரு பங்கு மிகைவிசை வந்தாலே வண்டி முட்டு ரப்பரில் மோதும். பாலத்தின் இணைப்பும், சாலையின் சிறு பள்ளமும் அதற்குப் போதியன. வளைவில் விரையுங்கால் அவ்வாறு மோதின், அச்சக்கரத்தின் விறைப்புத் திடீரெனப் பன்மடங்காகிப் பற்று நழுவும்.

இக்குறையை நீக்க வேண்டின், 35 மில்லிமீட்டருக்குள்ளேயே 1,500 நியூட்டனைத் தாங்கும் வில் வேண்டும். அஃதாவது மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 43 நியூட்டன், பழைய வில்லினும் இரு மடங்குக்கு மேல். அவ்வாறு மாற்றின் உடல் விநாடிக்கு 2.2 முறை ஆடும். இது பந்தயக் களத்துக்கு ஏற்பது; நாள்தோறும் செல்லும் சாலைக்கு உடம்பை வருத்துவது. இன்னும் முடியவில்லை. வில்லின் விறைப்பு மிகுந்தால் அதன் ஆட்டத்தைத் தணிக்கும் தடையும் மிகுதல் வேண்டும். விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத் தடை உயருமாதலின், அதிர்வடக்கி முன்னையினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வலியதாதல் வேண்டும். பழைய அடக்கியையே வைத்து வில்லை மட்டும் மாற்றுவோமாயின், வண்டி துள்ளும். துள்ளும் சக்கரம் நிலத்தைப் பற்றாது.

ஆகவே தாழ்வு விறைப்பை வேண்டும். விறைப்பு நல்ல அடக்கியை வேண்டும். நல்ல அடக்கி பணத்தை வேண்டும். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியிற் சிக்கனஞ் செய்து, முதற் கண்ணியில் ஆசையை மிகுத்தலே குறைந்த விலைத் தொகுதிகளைத் தெரிந்து கெடுவார் செய்யும் பிழை. தாழ்த்துவதால் வரும் ஊதியமோ மிகச் சிறிது. புவியீர்ப்பு மையம் நிலத்தினின்று 500 மில்லிமீட்டர் உயரத்திலிருக்க, வண்டியை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால், வளைவில் ஒரு பக்கத்துச் சக்கரங்களினின்று மறுபக்கத்துக்கு மாறும் எடை நூற்றுக்கு ஐந்து பங்குதான் குறையும்.

எண்களைப் படிக்கும் முறை

விற்பனைத் தாள்களில் ஜப்பானியர் வில்லின் விறைப்பை மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் எனவும், அமெரிக்கர் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு எனவும் குறிப்பர். முன்னதன் ஒன்று பின்னதன் 56-க்குச் சமம். நியூட்டன் கணக்கில் 9.8.

வில்லின் எண்ணும் சக்கரத்தில் உணரப்படும் எண்ணும் ஒன்றல்ல. சக்கரம் 10 மில்லிமீட்டர் எழுங்கால் வில் 7 மில்லிமீட்டரே அமுங்குமாயின், அவ்விகிதமாகிய 0.7-ஐ இருமுறை பெருக்க வரும் 0.49-ஆல் வில்லின் விறைப்பைப் பெருக்குதல் வேண்டும். ஆதலின் மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் உள்ள வில், சக்கரத்தில் ஏறத்தாழ 20 நியூட்டனே ஆகும். மக்ஃபர்ஸன் முறையில் அமைந்த வண்டியில் அவ்விகிதம் ஒன்றுக்கு அணித்தாதலின், அதே வில் அங்கே இருமடங்கு விறைப்பாகத் தோன்றும். நண்பன் வண்டிக்கு இனிதாயிருந்த எண் நம் வண்டிக்கும் இனிதாயிருக்கும் எனக் கொள்ளுதல் பிழை என்பது இதனால் விளங்கும்.

முன் வில்லும் பின் வில்லும் தம்முள் பொருந்துதலும் இன்றியமையாதது. அமெரிக்காவில் காடிலாக் வண்டிகளை ஆராய்ந்த மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலப் பொறியறிஞர், 1930-களில் எடைகளை இடமாற்றி வைக்கும் சோதனை வண்டி ஒன்றைக் கொண்டு, முற்பக்கம் பிற்பக்கத்தினும் சற்று மெதுவாக ஆடுமாறு அமைத்தால் வண்டி முன்னும் பின்னும் குதியாது சமமாகச் செல்லும் எனக் கண்டார். முன் சக்கரம் மேட்டில் முதலில் ஏறுகின்றது. பின் சக்கரம் சிறிது தாழ்த்து ஏறுகின்றது. பின்னது விரைந்தாடி முன்னதனை எட்டிப்பிடித்துக்கொள்ளும் என்பதே காரணம்.

வாங்குமுன் வினவத்தக்கவை

முதலாவது, அடக்கியின் தடையை வேகந்தோறும் அளந்து வரைந்த படத்தைச் செய்வோர் காட்டுகின்றனரா? முப்பத்திரண்டு படிகளில் திருத்தலாம் என்னும் விளம்பரம் கண்டு மயங்கற்க. திருகு ஒவ்வொரு முறை சொடுக்குங்காலும் தடை ஒரே அளவில் மாறுகின்றதா, இடப்பக்க அடக்கியும் வலப்பக்க அடக்கியும் ஒரே படியில் ஒத்திருக்கின்றனவா என்பனவே வினவத்தக்கன. ஒரே திருகு உள்ள வகைகளிற் பலவற்றில் அமுங்குந் தடையும் விரியுந் தடையும் சேர்ந்தே மாறுமாதலின், ஒன்றைத் திருத்தப் புகுந்து மற்றொன்றைக் கெடுத்தலும் உண்டு. செவ்வையாக அமைத்த ஒரே நிலை, செவ்வையில்லாத முப்பத்திரண்டு நிலைகளினும் சிறந்தது.

இரண்டாவது, உறுப்புக்கள் தனித்தனியே கிடைக்குமா? எண்ணெய் கசிந்த ஓர் அடக்கியைப் பழுதுபார்க்கும் பணிமனை அந்நாட்டில் உண்டா? இல்லையேல் ஒன்று கெட நான்கையும் எறிய நேரும்.

மூன்றாவது, துருவைத் தாங்குமா? மிச்சிகன், ஒஹாயோ முதலிய வட அமெரிக்க மாகாணங்களிற் பனிக்காலத்திற் சாலையில் உப்பை இறைப்பர். அவ்வுப்பு திருகுமரையில் ஏறி வளையத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். உயரத்தை மாற்றலாம் என்னும் ஒரே சிறப்புக்காகப் பணம் கொடுத்தவர், இரண்டு பனிக்காலத்துக்குப்பின் அதனை அசைக்கவும் இயலாதவராவர். 

நான்காவது, சட்டம் இடந்தருமா? ஜப்பானில் வண்டியின் அடிப்பகுதி நிலத்தினின்று 9 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஜெர்மனியில் உறுப்புக்குரிய ஒப்புதற் சான்று வேண்டும். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றோடு பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடுமாறு வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. நம் நாட்டார் இம்முயற்சியிற் புகுமுன் இதனை நினைவுகூர்தல் கடன்.

ஆயிரம் டாலரைப் பங்கிடுதல்

இனி நம் அமெரிக்க மாணவரிடம் செல்வோம். ஆயிரம் டாலருக்குள் நான்கு காயில்-ஓவர்களையும் தர முன்வருவோர் உளர். அவர் அப்பணம் முழுதையும் அதற்கே கொடுத்துவிட்டால், முப்பது ஆண்டு பழைய வண்டியின் வெடித்த ரப்பர் புஷ்களும், தேய்ந்த பந்து மூட்டுக்களும், வழவழத்த டயர்களும் அப்படியே இருக்கும். புதுத் துணியைக் கந்தையில் ஒட்டியவாறு போலாம் அது.

ஆதலின் முதற்பங்கு தேய்ந்த உறுப்புக்களுக்கும் டயருக்கும் உரியது. இரண்டாம் பங்கு நல்ல அதிர்வடக்கிகளுக்கு உரியது. ஒல்லாந்தில் தோன்றிய கோனி, ஜெர்மனியின் பில்ஸ்டைன் முதலிய நிறுவனத்தாரின் அடக்கிகளைத் தொழிற்சாலை வில்லோடாவது, ஓரளவே விறைத்துச் சிறிதே தாழ்த்தும் வில்லோடாவது இணைக்கலாம். 1994-இல் அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனத்தார் 'ஆர்' என்னும் பெயரால் இவ்வண்டியின் விரைவோட்ட வகையை விற்றபோது அவர்களே பில்ஸ்டைன் அடக்கிகளைப் பொருத்தினர். மூன்றாவதாக, முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலெழும் இடம் இயல்பாகவே குறைவாதலின், 1998-இல் வந்த இரண்டாந் தலைமுறையின் மேற்பிடிப்புக்களைப் பழைய வண்டிகளினின்று வாங்கிப் பொருத்தி, முட்டு ரப்பரையும் ஏற்றவாறு மாற்றிக்கொள்ளுதல் பலர் கையாண்டு பயன்கண்ட முறை. சிறு செலவில் பெரும்பயன் தருவது இதுவே. எஞ்சியது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் 'வீல் அலைன்மென்ட்' கூலி.

காயில்-ஓவர் எவர்க்கும் ஆகாதென்பது எம் கருத்தன்று. பந்தயக் களத்திற்கு அடிக்கடி செல்வார்க்கும், வில்களை மாற்றி மாற்றிச் சோதிப்பார்க்கும், நான்கு தராசுகளில் வண்டியை நிறுத்தி மூலைக்கு மூலை எடையை ஒப்பச் செய்வார்க்கும் அதன் வளையம் உண்மையாகவே பயன்படும். அத்தகையார் பணம் போதாதாயின் இன்னும் சில திங்கள் பொறுத்துச் சேர்த்து வாங்குதலே மேல்.

பொருத்துங்கால்

அமுக்கி வைத்த வில் உறங்கும் விலங்கு போன்றது. மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் விறைப்புடைய வில்லை 100 மில்லிமீட்டர் அமுக்கினால் அதில் அடங்கும் ஆற்றல் 200 ஜூல். ஒரு மீட்டர் உயரத்தினின்று 20 கிலோகிராம் கல் விழுதற்குச் சமம். ஆதலின் அதற்குரிய கருவியின்றி அதனைக் கழற்ற முயலற்க. வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நம்பி அடியில் நுழைதலும் ஆகாது. ரப்பர் புஷ்களின் ஆணிகளை, வண்டியின் சுமை சக்கரங்களின்மேல் அமர்ந்த பின்னரே இறுதியாக முறுக்குதல் வேண்டும். சக்கரம் தொங்குங்கால் முறுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுகி விரைவிற் கிழியும். உயரம் மாறியபின் சக்கரக் கோணங்களையும் முன்விளக்கின் ஒளி விழும் இடத்தையும் சரிபார்த்தல் இன்றியமையாதது. கோணந் தவறிய புது டயர் சில ஆயிரம் மைலுக்குள் ஒரு பக்கமாகத் தேய்ந்தொழியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், வண்டி எவ்வளவு தாழ்ந்து நிற்கின்றது என்பது கண்ணுக்குப் புலனாவது. சக்கரம் எவ்வளவு நேரம் நிலத்தைப் பற்றி நிற்கின்றது என்பது கண்ணுக்குப் புலனாகாதது. பின்னதற்கே பணத்தைச் செலவிடல் வேண்டும் என்பது பெறப்பட்டது. மழை நாளில், முன்னே ஒரு குழந்தை ஓடிவருங்கால், பிரேக்கை மிதிப்பவனுக்கு வண்டியின் தோற்றம் துணை செய்யாது. அடக்கியினுள் மறைந்துள்ள துளைகளும், எண்ணெயும், தேயாத ரப்பரும், நிலம் பற்றிய டயருமே துணை செய்வன. மணலின்மேல் வீடு கட்டியவன் உவமை நம் கல்லூரியில் யாவரும் கேட்டதே. அவ்வீடும் வெயிற்காலத்தில் அழகாகத்தான் நின்றிருக்கும். சிறுபணம் உடையார் அதனைக் காணாத இடத்தில் முதலிற் செலவிட்டு, காணும் இடத்தைப் பின்னுக்கு வைப்பாராக.